கேள்வி பதில்: ஹெபடைடிஸ் சி வந்த முதல் ஆறு மாசம், உள்ள என்னதான் நடக்குது?

போன தடவை இந்தப் பகுதியில, கல்லீரலைத் தாக்குற ஹெபடைடிஸ் சி வைரஸ் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு, தொத்தினவங்கள்ல நூத்துக்கு முப்பது பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள மருந்தே இல்லாம வைரஸ் போயிடும், மத்தவங்களுக்கு உடம்புலயே தங்கிடும்னு ரெண்டு வரியில பதில் போட்டிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. அந்த முப்பது பேர் யாரு, மீதிப் பேரு என்ன பாவம் பண்ணாங்கன்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க. அதனால இந்த தடவை முழுக்க இதுதான்.

கேள்வி: நான் நர்ஸிங் படிக்கிறேன் டாக்டர். ஹெபடைடிஸ் சி இருக்கிற ஒருத்தருக்கு ரத்தம் எடுத்த ஊசி என் விரல்ல குத்திடுச்சு. நாலு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணதுல ஆன்டிபாடி நெகட்டிவ், ஆனா வைரஸ் ஆர்.என்.ஏ பாசிட்டிவ். லிவர் டெஸ்ட் நார்மல். எனக்கு காய்ச்சல் கூட இல்ல. அப்போ என் எதிர்ப்பு சக்தி தூங்குதா?

பதில்: பயப்படாதீங்கம்மா, இதுக்கு நல்ல மாத்திரை இருக்கு, அதை கீழ இன்னொருத்தருக்கு சொல்லியிருக்கேன், அதையும் படிங்க. ஊசி குத்தின எல்லாருக்கும் இது தொத்துறது இல்ல, நூத்துல ரெண்டு பேருக்கும் கம்மிதான், அந்த கொஞ்ச பேர்ல நீங்க மாட்டிக்கிட்டீங்க. ஆன்டிபாடிங்கிறது வைரஸை எதிர்த்து உடம்பு செய்ற புரோட்டீன், ஆர்.என்.ஏங்கிறது வைரஸோட சொந்த மரபுப் பொருள், அது தெரிஞ்சா வைரஸே இருக்குன்னு அர்த்தம். ஆர்.என்.ஏ டெஸ்ட்டும் சேர்த்து எடுக்கச் சொன்னவங்க யாரோ அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க, வெறும் ஆன்டிபாடி மட்டும் பாத்திருந்தா "ஒண்ணும் இல்ல, போ"ன்னு அனுப்பியிருப்பாங்க.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். தூங்கலன்னும் சொல்லலாம், தூங்குதுன்னும் சொல்லலாம். வைரஸ் உள்ள போன ஒண்ணு ரெண்டு வாரத்துலயே ரத்தத்துல ஆர்.என்.ஏ தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் கிடுகிடுன்னு ஏறி லட்சம், பத்து லட்சம்னு போய் ஒரு மட்டத்துல நின்னுக்கும். இந்த நேரத்துல கல்லீரல் செல்லுங்க சும்மா இல்ல, இன்டர்ஃபெரான்ங்கிற எச்சரிக்கைப் பொருள் மூலமா அலாரம் அடிக்குது, வைரஸை எதிர்க்கிற நூத்துக்கணக்கான ஜீன்கள் ஆன் ஆகுது. ஆனா இந்த வைரஸ் ஒரு கில்லாடி, அதோட என்.எஸ்.3/4ஏங்கிற ஒரு புரோட்டீனே அந்த அலாரத்தோட வயரை அறுக்கிற வேலையையும் பாக்குது. அதனால அலாரம் அடிச்சும் வைரஸ் அசரல. நிஜமா அதை விரட்டணும்னா டி செல், அதாவது குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்குற ஒரு வகை வெள்ளை அணு, வரணும், அது ரத்தத்துல தெரிய ஆரம்பிக்கிறதே அஞ்சுல இருந்து ஒம்போது வாரத்துக்குள்ளதான். ஆன்டிபாடி பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு மேல. நீங்க நாலாவது வாரத்துல நிக்கிறீங்க, வைரஸ் உச்சத்துல இருக்கு, படை இன்னும் கிளம்பல, அதான் எல்லாம் நார்மலா தெரியுது.

இவ்வளவு லேட் ஆகுறது இந்த வைரஸோட தனி அடையாளம்னே சொல்லலாம், ஃப்ளூ மாதிரி ஒரு வைரஸுக்கு ஒரு வாரத்துலயே டி செல் வந்து நிக்கும். கல்லீரலுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. குடல்ல இருந்து வர்ற ரத்தம் எல்லாம் கல்லீரல் வழியாத்தான் போகுது, அதுல சாப்பாட்டுச் சத்தும் இருக்கும், குடல் கிருமிங்களோட துண்டு துக்கடாவும் இருக்கும், இதையெல்லாம் பாத்து ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு நின்னா கல்லீரல் மிஞ்சாது. அதனால அங்க இருக்கிற செல்லுங்க "விடு, விடு"ன்னு சமாதானம் பண்ற குணத்தோட இருக்கு. ஒரு டி செல் முதல் தடவையா எதிரியை பாக்குறது நிணநீர் முடிச்சுல நடந்தா நல்லா வளரும், கல்லீரலுக்குள்ளயே நடந்தா பாதி நேரம் அரைகுறையா போயிடும். இந்த வைரஸ் வீடு கட்டியிருக்கிற இடமே அப்படிப்பட்ட இடம்.

கேள்வி: டி செல், டி செல்னு சொல்றீங்களே சார், வைரஸ் கல்லீரல் செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்போது வெளிய இருக்கிற டி செல்லுக்கு எப்படி தெரியும்?

பதில்: ஒவ்வொரு செல்லும் உள்ள தயாராகிற புரோட்டீன்ல இருந்து சின்னச் சின்ன துண்டு வெட்டி, எச்.எல்.ஏங்கிற ஒரு தாங்கியில வச்சு தன்னோட மேல்பரப்புல காட்டிக்கிட்டே இருக்கும். கடை வாசல்ல ஷோகேஸ் வச்சிருக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க, உள்ள என்ன சரக்கு ஓடுதுன்னு வெளிய இருந்தே தெரிஞ்சிடும். அந்த துண்டு எட்டுல இருந்து பத்து அமினோ அமிலம் நீளம்தான், அவ்வளவு சின்னது. சி.டி.8ங்கிற கொல்ற வகை டி செல் ஊர்ந்து வந்து அதை தொட்டுப் பாக்கும், நம்மளோட சொந்த துண்டா இருந்தா போயிடும், வைரஸ் துண்டா இருந்தா பெர்ஃபோரின்னு ஒண்ணை விட்டு ஓட்டை போட்டு, கிரான்சைம்னு ஒண்ணை உள்ள தள்ளி அந்த செல்லையே முடிச்சிடும். இன்னொரு வழியும் இருக்கு, இன்டர்ஃபெரான் காமாங்கிற பொருளை விட்டா செல் சாகாமலே உள்ள வைரஸ் பெருகுறது மட்டும் நின்னுடும்.

ஹெபடைடிஸ் சி வைரஸ் தன்னோட எல்லா புரோட்டீனையும் ஒரே நீளமான சங்கிலியா, சுமார் 3,000 அமினோ அமிலமா செஞ்சு, அப்புறம்தான் பத்து துண்டா வெட்டிக்கும். டி செல்லுக்கு இதுல கை வைக்க நிறைய இடம் இருக்கு. வெளியுறை மட்டும்தான் ஆன்டிபாடிக்கு எட்டும், அது அடிக்கடி சட்டையை மாத்திக்கிற பகுதி. உள்ள இருக்கிற என்சைம்ங்க அவ்வளவு சுலபமா மாற முடியாது, மாறினா வைரஸுக்கே வேலை ஓடாது. இந்த நோய்ல டி செல்லை தலையில தூக்கி வச்சு பேசுறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

கேள்வி: எனக்கு புதுசா ஹெபடைடிஸ் சின்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ஏ.எல்.டிங்கிற கல்லீரல் என்சைம் ரத்தத்துல 1,000 தாண்டிடுச்சு, கண்ணு மஞ்சளாயிடுச்சு. வைரஸ் என் கல்லீரலை தின்னுக்கிட்டு இருக்குன்னு நினைச்சாலே தூக்கம் வரல.

பதில்: வைரஸ் தின்னல. இந்த வைரஸ் பெரும்பாலும் தான் குடியிருக்கிற செல்லை கொல்லாது. முதல் கேள்வி கேட்ட நர்ஸிங் படிக்கிற அம்மாவை பாருங்க, ரத்தத்துல லட்சக்கணக்குல வைரஸ், லிவர் டெஸ்ட் மட்டும் நார்மல். வைரஸ் கொல்றதா இருந்தா அப்போவே ஏறியிருக்கணுமே. ஏ.எல்.டி ஏறுறது எப்போன்னா டி செல் கல்லீரலுக்குள்ள நுழையும்போதுதான், ரெண்டும் கிட்டத்தட்ட கையோட கை சேந்து வரும். அதாவது உங்க சொந்த ஆளுங்கதான் வைரஸ் இருக்கிற செல்லை போட்டுத் தள்றாங்க, அதுல இருந்து சிந்துற ஏ.எல்.டிதான் உங்க ரிப்போர்ட்ல 1,000னு நிக்குது.

ஊசி குத்தி தொத்திக்கிட்ட சுகாதாரப் பணியாளர்கள் சிலரை ஆரம்பத்துல இருந்தே ஆறு மாசம் தொடர்ந்து பாத்து 2001-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல வைரஸ் தானா போன ஒருத்தரோட கதை ரொம்ப சுவாரசியம். முதல்ல வந்த சி.டி.8 செல்லுங்க எண்ணிக்கையில இருந்துச்சு, ஆனா இன்டர்ஃபெரான் காமா சுரக்கல, ஏதோ திகைச்சுப் போய் நின்ன மாதிரி. கல்லீரல் பாதிப்பு அந்த நேரத்துலதான். கொஞ்சம் கழிச்சு அதே செல்லுங்க தெளிஞ்சு இன்டர்ஃபெரான் காமா சுரக்க ஆரம்பிச்சுச்சு, வைரஸ் அடியோட விழுந்துச்சு, கல்லீரலும் அமைதியாயிடுச்சு. கொல்றதை விட அடக்கி வைக்கிற வேலைதான் கடைசியில காரியத்தை முடிச்சிருக்குன்னு இதுல இருந்து எடுத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு, இதை கேட்டா கொஞ்சம் தூக்கம் வரும்: மஞ்சள் காமாலை வந்தவங்களுக்குத்தான், எந்த அறிகுறியும் இல்லாம போனவங்களை விட, வைரஸ் தானா போற வாய்ப்பு கூட. சண்டை பலமா நடக்குதுங்கிறதுக்கு அது ஒரு அடையாளம். அதுக்காக மஞ்சள் காமாலை வரட்டும்னு வேண்டிக்காதீங்க, டாக்டர் கிட்ட போறதையும் நிறுத்தாதீங்க. ரத்தம் உறையுற டெஸ்ட்ட அவங்க கவனிச்சுக்கிட்டே இருக்கணும், கல்லீரல் செயலிழந்து போறது அபூர்வம்தான் ஆனாலும்.

கேள்வி: ப்ளஸ் டூ உயிரியல் நடத்துறேன். சி.டி.4 உதவி செல், சி.டி.8 கொல்லும் செல்னு பசங்களுக்கு சொல்லித் தரோம். ஹெபடைடிஸ் சி-யில எது முக்கியம்னு ஒரு பையன் கேட்டான், கொல்றதுதானே முக்கியம்னு சொல்லிட்டேன். சரியா?

பதில்: டீச்சர், பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கான், இதுக்கு பதில் கண்டுபிடிக்கவே நிறைய வருஷம் ஆச்சு. மனுஷனைத் தவிர இந்த வைரஸ் நல்லா தொத்துற விலங்கு சிம்பன்சிதான், அதனால அந்த காலத்து முக்கியமான ஆய்வு எல்லாம் அதுங்களை வச்சு நடந்தது. (இப்போ இல்ல, அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச் 2015-ல சிம்பன்சி ஆராய்ச்சிக்கு முடிவு கட்டிடுச்சு, அது நல்லதுதான்னு எனக்குப் படுது, ஆனா நமக்கு தெரிஞ்ச பாதி விஷயம் அதுங்க கொடுத்ததுங்கிறதையும் மறக்கக் கூடாது.) 2003-ல ரெண்டு சோதனை வந்துச்சு. ரெண்டுலயும் ஏற்கெனவே ஒரு தடவை வைரஸை ஜெயிச்சு வெளிய வந்த சிம்பன்சிங்க. ஒண்ணுல சி.டி.8 செல்லை எல்லாம் மருந்து கொடுத்து காலி பண்ணிட்டு மறுபடி வைரஸை ஏத்தினாங்க, சி.டி.8 திரும்ப வளர்ற வரைக்கும் வைரஸ் போகவே இல்ல, வளர்ந்ததும் போயிடுச்சு. இது வரைக்கும் நீங்க சொன்னது சரி.

இன்னொண்ணுல சி.டி.4-ஐ காலி பண்ணாங்க. சி.டி.8 அப்படியே இருந்துச்சு, ஏற்கெனவே ஜெயிச்ச அனுபவம் உள்ள செல்லுங்க. ஆனாலும் வைரஸை முழுசா விரட்ட முடியல, கம்மியான அளவுல இழுத்துக்கிட்டே கிடந்துச்சு, அதுக்குள்ள வைரஸ் தன்னோட உருவத்தை மாத்தி அந்த சி.டி.8-க்கு அடையாளம் தெரியாம தப்பிச்சிடுச்சு. ஆக, கொல்றவன் இருந்தும் உதவி பண்றவன் இல்லைன்னா காரியம் ஆகாது.

மனுஷங்ககிட்டயும் இதேதான். 1999-ல வந்த ஒரு ஆய்வுல, ஆரம்பத்துல நல்ல சி.டி.4 பலத்தோட வைரஸை ரத்தத்துல இருந்து காணாமப் போக வச்ச சிலர், கொஞ்ச மாசம் கழிச்சு அந்த சி.டி.4 பலம் போனதும் மறுபடி வைரஸோட வந்து நின்னாங்க. அப்போ எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா, நோய் தங்கிப் போறவங்களுக்கு முதல்லயே சி.டி.4 சரியா உருவாகிறது இல்லைன்னு. 2012-ல இன்னும் நுணுக்கமா ஆரம்ப வாரங்கள்லயே தேடிப் பாத்தா, நோய் தங்கினவங்களுக்கும் சி.டி.4 நல்லா பரவலாத்தான் உருவாகியிருக்கு, வைரஸ்ல பல இடத்தை குறி வச்சிருக்கு, ஆனா சீக்கிரமே சோர்ந்து, அப்புறம் காணாமப் போயிடுது. உருவாகிறது இல்ல பிரச்சனை, தாக்குப் பிடிக்கிறதுதான் பிரச்சனை. என்னைக் கேட்டா இந்த நோயோட மொத்த விதியும் இந்த சில வாரத்துல இந்த சி.டி.4 நிக்குதா விழுதாங்கிறதுலதான் இருக்கு. அது விடுற ஐ.எல்-2, ஐ.எல்-21 மாதிரி சிக்னல் இல்லைன்னா சி.டி.8 பெருகவும் முடியாது, நீடிக்கவும் முடியாது. பையன்கிட்ட அடுத்த கிளாஸ்ல இதைச் சொல்லுங்க, "கொல்லும் செல்"ங்கிற பேரு கெத்தா இருக்கிறதால நாமளும் அதையே பாக்குறோம்.

கேள்வி: டி செல் சோர்ந்து போகும்னா என்ன அர்த்தம்? செல்லுக்கு எப்படி சோர்வு வரும்? வைரஸ் தப்பிக்குதுன்னு வேற சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணா?

பதில்: ரெண்டும் வேற வேற. ரெண்டையும் சேத்து சொன்னாத்தான் புரியும்.

தப்பிக்கிறது வைரஸோட வேலை. சுமார் 9,600 எழுத்து உள்ள ஆர்.என்.ஏ அதோட மொத்த சரக்கு, அதை நகல் எடுக்கிற என்சைம் ப்ரூஃப் பாக்குறதே கிடையாது, எழுத்துப் பிழையோட அப்படியே அச்சுக்குப் போயிடும். ஒரு நாளைக்கு ஒருத்தர் உடம்புல உருவாகுற வைரஸ் துகள் ஒரு லட்சம் கோடி வரைக்கும் இருக்கும்னு 1998-ல கணக்கு போட்டிருக்காங்க. இவ்வளவு நகல், இவ்வளவு பிழை, அதுல பாதிக்கு மேல செத்த பிறவியா இருந்தாலும் ஏதோ ஒண்ணுல டி செல் பாக்குற அந்த எட்டு ஒம்போது அமினோ அமிலத்துல ஒண்ணு மாறியிருக்கும், டி செல்லுக்கு அது புது முகம். தப்பிச்சது மட்டும் பெருகும். நோய் தங்கினவங்க உடம்புல சி.டி.8 குறி வச்ச இடங்களை பாத்தா ஏறக்குறைய பாதியில இப்படி மாற்றம் நடந்திருக்கு. சி.டி.4 பாக்குற இடங்கள்ல இப்படி மாறுறது குறைவு.

மீதி பாதியில வைரஸ் மாறவே இல்ல. அங்க சி.டி.8 எதிரியை தினமும் பாத்துக்கிட்டே இருக்கு, ஆனா ஒண்ணும் பண்ண மாட்டேங்குது. இதுதான் சோர்வு. ஒரு டி செல் வேலை செஞ்சு, எதிரி போய், ஓய்வு எடுத்தா அது நினைவு செல்லா மாறும், அதுல சி.டி.127னு ஒரு அடையாளம் திரும்ப வரும், வருஷக்கணக்குல உசுரோட இருக்கும். எதிரி போகாம ராத்திரி பகலா கண்ணு முன்னாடியே நின்னா, செல் தன்னைத் தானே அடக்கிக்கும். பி.டி.-1னு ஒரு பிரேக் மேல ஏறும், டிம்-3, சி.டி.எல்.ஏ-4னு இன்னும் பிரேக் கூட சேரும், முதல்ல ஐ.எல்-2 சுரக்கிறது நிக்கும், அப்புறம் பெருகுற சக்தி, கொல்ற சக்தி எல்லாம் குறையும், கடைசியா இன்டர்ஃபெரான் காமாவும் போகும். இது கெடுதல் மாதிரி தெரியுது, ஆனா யோசிச்சுப் பாருங்க, முழு பலத்தோட டி செல் வருஷக்கணக்கா கல்லீரலை அடிச்சுக்கிட்டே இருந்தா ஆளு தேறுவாரா? உடம்பு போட்டுக்கிட்ட ஒரு சமாதான ஒப்பந்தம்னுதான் இதை எடுத்துக்கணும், என்ன, வைரஸுக்கு சாதகமான ஒப்பந்தம்.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா முதல் சில வாரத்துல பி.டி.-1 எல்லாருக்குமே ஏறித்தான் இருக்கும், ஜெயிக்கப் போறவங்களுக்கும் சரி, தோக்கப் போறவங்களுக்கும் சரி, ஏன்னா புதுசா உசுப்பி விட்ட டி செல்லே அந்த பிரேக்கோடதான் வரும். அதனால அதை மட்டும் பாத்து இவர் தப்பிப்பார், இவர் மாட்டிப்பார்னு ஜோசியம் சொல்ல முடியாது. ஜெயிச்சவங்களுக்கு பிறகு பி.டி.-1 இறங்கி சி.டி.127 ஏறும், மத்தவங்களுக்கு அது நடக்காது.

கேள்வி: எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி தொத்துச்சு. அவளுக்கு தானா போயிடுச்சு, எனக்கு தங்கிடுச்சு. நான்தான் உடம்பை சரியா பாத்துக்கலையா டாக்டர்?

பதில்: அப்படி எல்லாம் மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. பொறக்கும்போதே கையில இருக்கிற சீட்டு சிலது இருக்கு. பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட தானா போற வாய்ப்பு கூட. ஐ.எல்-28பிங்கிற ஜீனுக்குப் பக்கத்துல ஒரு எழுத்து எப்படி இருக்குங்கிறதை வச்சே வாய்ப்பு மாறுதுன்னு 2009-ல கண்டுபிடிச்சாங்க. அப்புறம் மேல சொன்ன எச்.எல்.ஏ, அது ஆளுக்கு ஆள் வேற, கூடப் பொறந்தவங்களுக்கு கூட ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல. எச்.எல்.ஏ-பி27, பி57 இருக்கிறவங்களுக்கு அதிர்ஷ்டம் கூட. இதுல பி27 கதை வேடிக்கையானது, முதுகுத்தண்டு இறுகிப்போற வியாதி வர்றவங்கள்ல பலருக்கு இருக்கிற அதே பி27தான், அங்க வில்லன், இங்க ஹீரோ. ஏன்னா பி27 தூக்கிக் காட்டுற வைரஸ் துண்டு, நகல் எடுக்கிற என்சைம்ல ரொம்ப முக்கியமான ஒரு இடம். அங்க ஒரு எழுத்து மாத்தினா பத்தாது, ரெண்டு மூணு மாத்தணும், மாத்தினா வைரஸே நொண்டியாயிடும்.

இதெல்லாம் வெளிய வந்ததுல அயர்லாந்து பெண்களுக்கு பெரிய பங்கு இருக்கு. 1977, 78-ல பிரசவ சமயத்துல ஆர்.எச் நெகட்டிவ் அம்மாக்களுக்கு போடுற ஆன்டி-டி ஊசி மருந்துல இந்த வைரஸ் கலந்து போச்சு. வைரஸுக்கு பேரே 1989-லதான் வந்துச்சு, அதுவரைக்கும் ஏ-யும் இல்ல பி-யும் இல்லாத ஹெபடைடிஸ்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதனால 90-கள்லதான் விஷயமே தெரிய வந்துச்சு. எல்லாரும் பெண்கள், ஒரே மூலம், ஏறக்குறைய ஒரே வைரஸ், அப்படி இருந்தும் சிலருக்கு போயிடுச்சு, சிலருக்கு தங்கிடுச்சு. வித்தியாசத்தை வைரஸ் மேல போட முடியாது, ஆளு மேலதான் போடணும், அப்படித் தேடித்தான் இந்த எச்.எல்.ஏ சமாச்சாரம் கிடைச்சது. அந்தப் பெண்களுக்கு நடந்தது பெரிய அநியாயம், அதையும் சேத்து சொல்லாம இதை சொல்ல எனக்கு மனசு வரல.

உங்களுக்கு இப்போ மாத்திரை இருக்கு. தங்கிடுச்சேன்னு இருக்காதீங்க, போய் ஆரம்பிங்க.

கேள்வி: டி செல்லை கூட்ட என்ன சாப்பிடணும்? பவுடர் ஏதாவது?

பதில்: ஒண்ணும் இல்ல. "இம்யூனிட்டி பூஸ்டர்"னு விக்கிற எதுவும் ஹெபடைடிஸ் சி-க்கு எதிரான டி செல்லை நிக்க வைக்கும்னு யாரும் நிரூபிக்கல, சில மூலிகைப் பவுடர் கல்லீரலையே கெடுக்கும். சாராயத்தை தொடாதீங்க, அது போதும்.

கேள்வி: என் தம்பிக்கு ரெண்டு மாசம் முன்னாடி தொத்தினது. ஒரு டாக்டர் உடனே மாத்திரை ஆரம்பின்னு சொல்றார், சொந்தக்காரர் ஒருத்தர் "ஆறு மாசம் பொறு, தானா போனா எதிர்ப்பு சக்தி கத்துக்கும், மாத்திரை போட்டா அது கத்துக்காது"ன்னு சொல்றார். யார் பேச்சை கேக்கிறது?

பதில்: டாக்டர் பேச்சை. சொந்தக்காரர் சொல்றதுல ஒரு காலத்துல அர்த்தம் இருந்துச்சு. அப்போ இருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஊசி, மாசக்கணக்குல போடணும், காய்ச்சல், முடி கொட்டுறது, மனச்சோர்வுன்னு ஆளை உலுக்கி எடுத்துடும், அதனால தானா போற அந்த முப்பது பேர்ல இவரும் ஒருத்தரா இருந்தா எதுக்கு வீணா கஷ்டப்படுத்தணும்னு மூணு மாசம் கிட்ட காத்திருப்பாங்க. 2013-ல சோஃபோஸ்புவிர்ங்கிற மாத்திரை வந்தப்புறம் கதையே மாறிப்போச்சு. இப்போ இருக்கிற மாத்திரைங்களை எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் சாப்பிட்டா நூத்துக்கு 95 பேருக்கு மேல வைரஸ் முழுசா போயிடும், தொந்தரவும் கம்மி. அமெரிக்க கல்லீரல் மருத்துவர்களோட வழிகாட்டி குறிப்பே புதுசா தொத்தினவங்களுக்கு காத்திருக்க வேண்டாம், உடனே ஆரம்பிங்கன்னு சொல்லுது. காத்திருக்கிற மாசங்கள்ல அவர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு தொத்தலாம், சிலர் திரும்ப டாக்டர்கிட்ட வராமலே போயிடுவாங்க.

கத்துக்கிற விஷயத்துக்கு வருவோம். வைரஸோட மாசக்கணக்கா மல்லுக்கட்டினா டி செல் கத்துக்கிட்டே போகும்னு அவர் நினைக்கிறார், நடக்கிறது நேர் எதிர், நாளாக ஆக சோர்வுதான் கூடும். பல வருஷம் நோயோட இருந்து மாத்திரையில குணமானவங்களோட சி.டி.8-ஐ எடுத்துப் பாத்தா, பிரேக் கொஞ்சம் தளர்ந்து பாக்க நினைவு செல் மாதிரி ஆயிருக்கு, ஆனா டி.என்.ஏ-வை மடிச்சு வைக்கிற விதத்துலயே பழைய சோர்வோட தழும்பு அழியாம இருக்குன்னு 2021-ல காட்டியிருக்காங்க. அப்போ சீக்கிரம் முடிச்சா தழும்பு குறையத்தானே வாய்ப்பு. அதோட, மாத்திரை டி செல்லை தொடுறதே இல்ல, நேரா வைரஸோட என்சைமைத்தான் பிடிக்குது. தம்பி தைரியமா ஆரம்பிக்கட்டும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி டெஸ்ட் ஒண்ணு எடுத்திடணும், அது உள்ள பதுங்கி இருந்தா சி போனதும் பி தலை தூக்கலாம்.

கேள்வி: எனக்கு வைரஸ் தானா போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, ஆனா ஆன்டிபாடி பாசிட்டிவ்னே வருது. இனிமே எனக்கு வராதுதானே?

பதில்: வரலாம். ஆன்டிபாடி பாசிட்டிவ்னா "ஒரு காலத்துல வந்துச்சு"ன்னு மட்டும்தான் அர்த்தம், பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, இப்போ நோய் இருக்குன்னும் அர்த்தம் இல்ல, அதுக்கு ஆர்.என்.ஏ டெஸ்ட்தான். சொல்லப்போனா ஆன்டிபாடி கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சும் போகும். 2000-ல வந்த ஒரு ஆய்வுல, ஒரே மூலத்துல இருந்து தொத்தி குணமானவங்களை 18, 20 வருஷம் கழிச்சு கூப்பிட்டுப் பாத்தா சிலருக்கு ஆன்டிபாடி தடயமே இல்ல, டி செல் மட்டும் இன்னும் அந்த வைரஸை ஞாபகம் வச்சிருந்துச்சு.

அந்த ஞாபகம் உபயோகம் இல்லாததும் இல்ல. தானா குணமானவங்களுக்கு மறுபடி தொத்தினா, முதல் தடவையை விட வைரஸ் கம்மியா ஏறுது, சீக்கிரம் இறங்குது, பெரும்பாலானவங்களுக்கு மறுபடியும் தானா போகுது. ஆனா உள்ளயே வராம தடுக்காது, சிலருக்கு ரெண்டாவது தடவை தங்கியும் போகுது. அதனால பிளேடு, ஊசி, பச்சை குத்துற சாமான் இதெல்லாம் இன்னொருத்தரோடதை உபயோகிக்காதீங்க. தொட்டா, கட்டிப்பிடிச்சா, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது.

கேள்வி: டி செல் இவ்வளவு முக்கியம்னா டி செல்லை உண்டாக்குற தடுப்பூசி போட்டுட்டா முடிஞ்சுதே. ஏன் இன்னும் வரல?

பதில்: அதையும் செஞ்சு பாத்துட்டாங்க. சிம்பன்சியோட ஒரு சாதாரண சளி வைரஸை வாகனமா வச்சு முதல் ஊசி, எம்.வி.ஏங்கிற வைரஸை வச்சு ரெண்டாவது ஊசி, ரெண்டுலயும் ஹெபடைடிஸ் சி-யோட உள் புரோட்டீன்களுக்கான ஜீன். அமெரிக்காவுல போதை ஊசி போட்டுக்கிறவங்க 500 பேருக்கு மேல சேத்து, பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. 2021-ல முடிவு வந்துச்சு. ஊசி போட்டவங்கள்ல 78 சதவீதம் பேருக்கு டி செல் நல்லா உருவாச்சு, தொத்தினவங்களுக்கு வைரஸோட உச்ச அளவும் குறைஞ்சிருந்துச்சு. ஆனா நோய் தங்கிப் போனது எத்தனை பேருக்குன்னா, அந்தப் பக்கம் 14, இந்தப் பக்கமும் 14.

வருத்தமான முடிவு, ஆனா மேல டீச்சருக்கு சொன்னதை வச்சுப் பாத்தா எனக்கு அவ்வளவு ஆச்சரியமா இல்ல. அந்த ஊசி பெரும்பாலும் சி.டி.8-ஐத்தான் நல்லா எழுப்புச்சு. அதோட ஊசியில இருந்தது ஒரே வகை வைரஸோட புரோட்டீன், தெருவுல சுத்துறது பல வகை, துண்டுல ஒரு எழுத்து மாறினாலே டி செல்லுக்கு ஆள் தெரியாதுன்னு சொன்னேன் இல்லையா. அடுத்து வரப்போறது சி.டி.4-ஐயும் தட்டி எழுப்பி, வெளியுறைக்கு எதிரா ஆன்டிபாடியையும் சேத்து உண்டாக்குறதா இருக்கணும்னு இந்தத் துறையில பலர் சொல்றாங்க.

கேள்வி: எச்.ஐ.வி-க்கு சி.டி.4 கவுண்ட் பாக்குற மாதிரி இதுக்கும் டி செல் டெஸ்ட் எடுத்தா, எனக்கு தானா போகுமா போகாதான்னு தெரியுமா?

பதில்: தெரியாது. அந்த கவுண்ட் உடம்புல இருக்கிற மொத்த சி.டி.4-ஐ எண்றது, அதுல ஹெபடைடிஸ் சி-யை அடையாளம் தெரிஞ்ச செல்லுங்க துளியூண்டு, மொத்தம் நார்மலா இருக்கும்போதே அந்த துளியூண்டு காணாமப் போயிருக்கலாம். அதை மட்டும் தனியா பொறுக்கி எடுக்க டெட்ராமர்னு ஒண்ணு ஆராய்ச்சிக்கூடத்துல வச்சிருக்காங்க, உங்க எச்.எல்.ஏ வகை தெரியணும், வைரஸ் வகை தெரியணும், செலவும் ஜாஸ்தி, அதை வச்சு வைத்தியம் எதுவும் மாறாது. நீங்க எடுக்க வேண்டியது ஆர்.என்.ஏ டெஸ்ட், அதுவும் ஒரு தடவை இல்ல. ஆரம்ப மாசங்கள்ல வைரஸ் ஏறி இறங்கும், ஒரு வாரம் நெகட்டிவ் வந்து அடுத்த மாசம் பாசிட்டிவ் வரும், சி.டி.4 கை விட்டதும் திரும்பி வந்தவங்களை மேல சொன்னேனே, அவங்களும் இப்படி ஒரு நெகட்டிவ்வை பாத்தவங்கதான். ஒரு நெகட்டிவ் வந்துச்சுன்னு ஃபைலை மூடிடாதீங்க, சில மாசம் விட்டு மறுபடி எடுங்க.